பச்சை உடம்பு எழுந்து நடந்த வரலாறு

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் முதலில் என்ன கேட்கிறோம்? ஆணா, பெண்ணா? எடை எவ்வளவு? யாருடைய சாயல்? குழந்தையைப் பற்றிக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்த பிறகே நம் பார்வை தாயின் பக்கம் திரும்புகிறது. "பச்சை உடம்பு, எழுந்திருக்காதே" என்பார் ஒருவர். "நாங்களெல்லாம் பத்தாம் நாளே உலக்கை பிடித்தவர்கள்" என்பார் இன்னொருவர். இருவருமே அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் இருவர் சொல்வதும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானது. இவற்றில் எது சரி?

இந்தக் கேள்வி நம் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிட்ட ஒன்றன்று. ஏறத்தாழ 250 ஆண்டுகளாக மருத்துவ உலகமே இதைப் பற்றி வாதிட்டு வந்திருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த அந்த விவாதத்திற்கு எழுத்துச் சான்றுகள் ஏராளமாக உள்ளன. அவற்றைப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. ஓய்வு வேறு, அசையாமை வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணியதால் பல தலைமுறைத் தாய்மார்கள் துன்பப்பட்டார்கள். பலர் உயிரையே இழந்தார்கள். அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம். அதற்கு முன், பிள்ளைப்பேற்றினால் உடலில் என்னென்ன மாறுகின்றன என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம்.

உடலுக்குள் நடக்கும் மாற்றங்கள்

சாதாரண நிலையில் கருப்பை ஒரு சிறிய பேரிக்காய் அளவுதான் இருக்கும். அதன் எடை 60 அல்லது 70 கிராம். ஒன்பது மாதம் நிறைந்ததும் அதே கருப்பை ஏறத்தாழ ஒரு கிலோ கிராம் ஆகிவிடுகிறது. குழந்தை பிறந்தவுடன் அதன் உச்சி தொப்புள் அருகே இருக்கும். இரண்டு வாரத்திற்குள் இடுப்புக்கூட்டினுள் இறங்கிவிடும். ஆறு வாரத்தில் ஏறக்குறையப் பழைய அளவை அடைந்துவிடும். இது வியப்பான செயல். இதில் தசைச் செல்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. ஒவ்வொரு செல்லும் தன்னைத்தானே சுருக்கிக்கொள்கிறது. தாய் குழந்தைக்குப் பாலூட்டும்போது மூளையடிச் சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் வெளிப்படுகிறது. அது கருப்பையை மேலும் சுருங்கச் செய்கிறது. பாலூட்டும்போது அடிவயிற்றில் சுருக்கென்று வலிப்பதன் காரணம் இதுதான்.

கருப்பைக்குக் கிடைக்கும் இந்தத் தானாகச் சுருங்கும் ஏற்பாடு மற்றத் தசைகளுக்கு இல்லை. வயிற்றின் முன்புறத்தில் மேலிருந்து கீழாக இரண்டு நேர்த்தசைகள் ஓடுகின்றன. அவற்றை நடுவே ஒரு வெண்ணிற நார்ப்பட்டை இணைக்கிறது. வயிறு பெரிதாகும்போது இந்தப் பட்டை அகன்று, இரு தசைகளும் விலகி நிற்கின்றன. பிறகு அவை நெருங்கி வருவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். சிலருக்கு இடைவெளி முழுவதும் மூடுவதே இல்லை.

இதைவிட முக்கியமானது இடுப்புத் தளம். இடுப்புக்கூட்டின் அடியில், முன்னெலும்பிலிருந்து வால் எலும்பு வரை ஒரு தூளியைப் போலத் தொங்கும் தசைகளுக்கு இந்தப் பெயர். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் கீழிருந்து தாங்குபவை இவையே. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசியாமல் காப்பவையும் இவையே. குழந்தை வெளிவரும் வழி இந்தத் தூளியின் நடுவே செல்கிறது. அப்போது அதன் சில பகுதிகள் தம் இயல்பான நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேலாக நீள வேண்டியிருக்கிறது என்று 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணிப்பொறி மாதிரியின் உதவியால் காட்டினார்கள். நம் கைகால் தசை எதுவும் அவ்வளவு நீண்டால் கிழிந்துவிடும்.

எலும்புகளின் இணைப்புகளும் நெகிழ்கின்றன. 1926-இல் ஃபிரடெரிக் ஹிசா என்னும் அமெரிக்க விலங்கியலறிஞர், சினையுற்ற விலங்கின் இரத்த நீரைச் சினையுறாத கினிப் பன்றிக்குச் செலுத்தினார். அதன் இடுப்பு முன்னெலும்பின் இணைப்புநார் தளர்ந்துவிட்டது! அந்த நீரில் இருந்த பொருளே ரிலாக்சின் என்னும் ஹார்மோன்.

இவற்றோடு இன்னொரு மாற்றமும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கைத் தொட்டுப் பாருங்கள். விரல் எங்கே இருக்கிறது, மூக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உங்களுக்குத் தெரிகிறதல்லவா? தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்முனைகள் மூளைக்கு ஓயாது செய்தி அனுப்புவதால் இது முடிகிறது. 1906-இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் இந்த உணர்வுக்குத் தனிப்பெயர் ஒன்றைச் சூட்டினார். நாம் இதை உடலுணர்வு என்று சொல்லலாம். ஒன்பது மாதம் முன்பக்கம் பாரம் ஏறி, முதுகை வளைத்து நடந்து பழகிய பெண்ணுக்கு, ஒரே நாளில் அந்தப் பாரம் இறங்கிவிடுகிறது. அடிவயிற்றுத் தசைகளும் நரம்புகளும் நீண்டு தளர்ந்து கிடக்கின்றன. "இது என் உடம்பு மாதிரியே இல்லை" என்று பல தாய்மார்கள் சொல்வதற்கு இப்படி உடலியல் காரணங்கள் உண்டு. அது வெறும் மனப்பிரமை அன்று.

மூடிய அறை

இனி வரலாற்றுக்கு வருவோம். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியுள்ள ஒரு வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தால், அவள் ஏறத்தாழ ஒரு மாதம் அறைக்குள் இருப்பாள். சன்னல்கள் அடைக்கப்படும். திரைகள் இழுத்துவிடப்படும். கணப்பில் நெருப்பு இடைவிடாது எரியும். சாவித் துவாரத்தைக்கூட அடைத்துவிடுவார்கள். அந்த அனலில் கனத்த போர்வைகளின் கீழ், மதுவும் மசாலையும் கலந்த சூடான கஞ்சியைக் குடித்துக்கொண்டு, பல நாட்கள் அவள் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். ஏழைப் பெண்ணுக்கு இந்தச் சலுகையும் இல்லை, இந்தத் தண்டனையும் இல்லை. அவள் சில நாட்களிலேயே வேலைக்குத் திரும்பியாக வேண்டும்.

இந்த வழக்கத்தை எதிர்த்து உரத்துப் பேசியவர் மான்செஸ்டர் நகர அறுவை மருத்துவர் சார்லஸ் ஒயிட். கருவுற்ற பெண்களையும் பிள்ளை பெற்ற பெண்களையும் பராமரிக்கும் முறை பற்றி 1773-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். சன்னலைத் திறவுங்கள், துணிகளை அடிக்கடி மாற்றுங்கள், அறையைத் தூய்மையாக வைத்திருங்கள் என்று அதில் வலியுறுத்தினார். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தை பிறந்த சில மணி நேரத்திலேயே தாயை உட்கார வையுங்கள், ஓரிரு நாளில் படுக்கையை விட்டு எழச் செய்யுங்கள் என்றார்.

அவர் காட்டிய காரணம் எளிமையானது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் கருப்பையிலிருந்து கழிவுநீர் வடிய வேண்டும். மல்லாந்து படுத்தால் அது தேங்கும், தேங்கினால் கெடும், கெட்டால் காய்ச்சல் வரும். உட்கார்ந்தால் அது தானே வடிந்துவிடும். கிருமிகளே இந்நோய்க்குக் காரணம் என்பது அவர் காலத்தில் தெரிந்திருக்கவில்லை. ஆகவே அவருடைய விளக்கம் முழுமையானதன்று. ஆனால் தூய்மை, நல்ல காற்று, எழுந்து அமர்தல் ஆகிய மூன்றையும் ஒருங்கே சொன்னவர் என்ற பெருமை அவருக்கு உண்டு.

அவர் பேச்சை உலகம் கேட்டதா? பெரும்பாலும் இல்லை.

இரண்டு எதிரிகள்

அக்காலத்தில் பிள்ளை பெற்ற பெண்களைக் கொன்றவற்றுள் இரண்டை இங்கே பார்ப்போம். ஒன்று பிரசவ சன்னி. மற்றொன்று இரத்தம் உறைந்து கட்டியாதல்.

பிரசவ சன்னியின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1847-இல் வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிணச் சோதனை செய்துவிட்டு அப்படியே மகப்பேற்று அறைக்கு வரும் மருத்துவர்களின் கைகளே நோயைக் கொண்டுவருகின்றன என்று கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் சொன்னார். 1846-இல் அந்தப் பிரிவில் பிள்ளை பெற்ற 100 பேரில் 11 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். 1848-இல் அது 100-க்கு ஏறத்தாழ ஒன்றாகக் குறைந்தது. 1879-இல் லூயி பாஸ்டர், இந்நோய் கண்ட பெண்களிடம் சங்கிலி சங்கிலியாகக் காணப்படும் கிருமியைச் சுட்டிக்காட்டினார்.

இரண்டாவது எதிரி அமைதியானவன். காலில் வீக்கமும் வலியும் தோன்றும். கால் வெளுத்துப் பருக்கும். பால் இறங்கிக் காலில் தேங்கிவிட்டது என்று ஐரோப்பியர் நம்பி, இதற்குப் 'பால் கால்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். உண்மையில் அது காலின் ஆழ்ந்த சிரைகளில் இரத்தம் உறைந்துபோவதால் வருவது. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் நொடியில் உயிர் போய்விடும். 1850-களில் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ஷோ இந்த நிகழ்ச்சியைத் தெளிவாக விளக்கினார். இரத்த ஓட்டம் மந்தமாதல், குழாயின் சுவர் கெடுதல், இரத்தத்தின் உறையும் தன்மை கூடுதல் என்னும் மூன்றும் சேரும்போது கட்டி உண்டாகிறது என்று இன்றைய மருத்துவ மாணவர்கள் அவர் பெயராலேயே படிக்கிறார்கள்.

இந்த மூன்றையும் பிள்ளை பெற்ற பெண்ணோடு பொருத்திப் பாருங்கள். கருவுற்ற காலத்தில் அவளுடைய இரத்தம் எளிதில் உறையும் தன்மையைப் பெறுகிறது. பேற்றின்போது இரத்தப்போக்கினால் இறந்துவிடாமல் இருக்க இயற்கை செய்துள்ள பாதுகாப்பு அது. பேற்றினால் இரத்தக் குழாய்களும் அடிபடுகின்றன. ஆக, மூன்றில் இரண்டு ஏற்கெனவே வந்துவிட்டன. கால் தசைகள் அசைந்தால்தான் சிரை இரத்தம் மேலே பிழிந்து ஏற்றப்படும். அந்தக் கால்களை அசையாமல் கிடத்தினால் மூன்றாவதையும் நாமே கொண்டுவந்து சேர்க்கிறோம். உடம்பைக் காப்பாற்றுவதற்காக விதித்த படுக்கையே அதற்கு எமனாயிற்று.

அப்படியிருந்தும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவமனைகளில் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை படுக்கையில் இருப்பதே விதியாக இருந்தது. படுக்கையிலிருந்து எழும் பெண்ணின் கால்கள் துவண்டன, தலை சுற்றியது. "பார்த்தீர்களா, இன்னும் தேறவில்லை" என்று மறுபடியும் படுக்க வைத்தார்கள். நீண்ட படுக்கையின் விளைவைப் பிள்ளைப்பேற்றின் விளைவு என்று தவறாக எண்ணினார்கள்.

செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு தொடக்கம்

1912-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு புதிய முயற்சி தொடங்கியது. அங்கு மகப்பேற்று மருத்துவராக இருந்த ஃபேர்பேர்ன், உடற்பயிற்சி மருத்துவம் கற்ற மின்னி ராண்டல் என்னும் அம்மையாரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். பிள்ளை பெற்ற பெண்கள் படுக்கையில் இருந்தபடியே செய்யக்கூடிய பயிற்சிகளை வகுத்துத் தர வேண்டும் என்பதே அது. படுக்கை விதியை ஒரேயடியாக மாற்ற முடியவில்லை. ஆனால் படுக்கையிலேயே அசையலாமே! ஆழ்ந்து மூச்சுவிடுதல், கணுக்காலைச் சுழற்றுதல், வயிற்றை உள்ளிழுத்தல் போன்ற மெல்லிய அசைவுகளிலிருந்து பிள்ளைப்பேற்றுக்கான உடற்பயிற்சி மருத்துவம் என்னும் துறை வளர்ந்தது.

இந்தத் துறையின் வளர்ச்சியில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. காத்லீன் வாகன் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் காஷ்மீரில் பணியாற்றினார். அங்கே இருவகைப் பெண்களை அவர் கண்டார். திரைக்குள் அடைபட்டு வாழ்ந்த செல்வர் வீட்டுப் பெண்களில் பலருக்கு எலும்பு மெலிந்து இடுப்புக்கூடு கோணிப் போயிருந்தது; அவர்களுக்குப் பிள்ளைப்பேறு மரணப் போராட்டமாக இருந்தது. படகுகளில் வாழ்ந்து, வெயிலில் துடுப்பு வலித்து, குந்தி அமர்ந்து வேலை செய்த ஏழைப் பெண்களோ எளிதில் பிள்ளை பெற்றார்கள். வெயில் படாததால் வைட்டமின் டி கிடைக்காமல் எலும்பு மெலிகிறது என்பது இன்று நமக்குத் தெரியும். திரைமுறை தாய்மையை எவ்வாறு பாதிக்கிறது என்பது பற்றி 1928-இல் அவர் ஒரு நூலே எழுதினார். உடல் அசைவும் மூட்டுகளின் நெகிழ்வும் பற்றிய அவருடைய கருத்துகள் ராண்டலையும் கவர்ந்தன.

இவர்களோடு மூன்றாவதாக வந்தவர் ஒரு நடனக் கலைஞர். அவர் பெயர் மார்கரெட் மோரிஸ். நடனத்தின் அசைவுகள் நோயாளிகளுக்கும் உதவும் என்று நம்பிய அவர், செயின்ட் தாமஸில் முறையாக உடற்பயிற்சி மருத்துவம் பயின்று 1930-இல் தேர்ச்சி பெற்றார். 1936-இல் அவரும் ராண்டலும் மகப்பேற்றுக்கும் அறுவைக்கும் பின் செய்யவேண்டிய பயிற்சிகளைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார்கள். இடுப்புத் தளத் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சி அப்போதே இங்கிலாந்தில் சொல்லித் தரப்பட்டது. மருத்துவச்சி, தாதி, நடனக் கலைஞர் எனப் பெண்கள் தம் கைப்பட வளர்த்த அறிவு இது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

போர் செய்த மாற்றம்

ஒயிட் சொல்லி 170 ஆண்டுகள் கழித்து, வாதத்தால் நடக்காத மாற்றம் தேவையால் நடந்தது. இரண்டாம் உலகப்போரின்போது மருத்துவமனைகளில் படுக்கைகள் போதவில்லை. தாதியர் போர்முனைக்குப் போய்விட்டார்கள். தாய்மாரை இரண்டு வாரம் வைத்திருக்க இயலவில்லை. வேறு வழியின்றிச் சீக்கிரம் எழுப்பி வீட்டுக்கு அனுப்பினார்கள். கேடு விளையும் என்று அஞ்சினார்கள். அஞ்சியபடி எதுவும் நடக்கவில்லை. முன்னைவிட விரைவில் தேறினார்கள்.

1944-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ், ஓய்வைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றி ஒரு கட்டுரைத் தொகுதியே வெளியிட்டது. அதில் மகப்பேற்றைப் பற்றி எழுதியவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் நிக்கல்சன் ஈஸ்ட்மன். 1947-இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்டு ஆஷர், படுக்கைக்குப் போவதால் வரும் ஆபத்துகள் என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். நுரையீரல், சிரை, எலும்பு, தசை, குடல் என்று ஒவ்வோர் உறுப்பும் படுத்தே கிடப்பதால் எவ்வாறு கெடுகிறது என்று வேடிக்கையும் கண்டிப்பும் கலந்து அவர் எழுதியது இன்றும் படிக்கப்படுகிறது. 1950-களுக்குள் பல மருத்துவமனைகளில் பிள்ளை பெற்ற மறுநாளே எழுந்து நடப்பது வழக்கமாயிற்று.

தாய் எழுந்துவிட்டாள். கதை முடிந்ததா? இல்லை. அவள் எழுந்து நடந்தபோது வேறொரு துன்பம் தெரியவந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

காற்றழுத்தமானி சொன்ன செய்தி

இருமும்போதும் சிரிக்கும்போதும் குடத்தைத் தூக்கும்போதும் சிறுநீர் கசிந்துவிடுவது பிள்ளை பெற்ற பெண்களிடம் பரவலாகக் காணப்படும் தொல்லை. வெட்கத்தால் அதை மறைத்தார்கள். "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று மூத்தவர்களும் சொல்லிவிட்டார்கள். மருத்துவர்கள் பெரும்பாலும் நாடிய வழி அறுவைச் சிகிச்சை.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மகளிர் மருத்துவராக இருந்தவர் ஆர்னால்டு கெகல். அறுவை செய்து சீராக்கிய தசைகள் மீண்டும் தளர்ந்துவிடுவதை அவர் கவனித்தார். கை முறிந்தவனுக்கு மாவுக்கட்டைப் பிரித்ததும் பயிற்சி தருகிறோம். நீண்டு நலிந்த இடுப்புத் தளத் தசைக்கு ஏன் பயிற்சி தருவதில்லை? படிப்படியாகச் சுமையைக் கூட்டித் தசையை வலுப்படுத்தும் முறை போரில் காயம்பட்ட வீரர்களிடம் வெற்றி பெற்று வந்த காலம் அது.

ஆனால் நடைமுறையில் ஒரு சிக்கல் எழுந்தது. "அந்தத் தசையைச் சுருக்குங்கள்" என்று சொன்னால், பெண்கள் வயிற்றைச் சுருக்கினார்கள், தொடையை இறுக்கினார்கள், மூச்சைப் பிடித்துக் கீழ்நோக்கி முக்கினார்கள். சுருக்க வேண்டிய தசையை மட்டும் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத, மூட்டு எதையும் அசைக்காத ஒரு தசை! அது இருப்பதே அவர்களுக்கு உணர்வில் இல்லை. நாம் மேலே பார்த்த உடலுணர்வு அங்கே மங்கிப் போயிருந்தது.

கெகல் ஓர் எளிய கருவியைச் செய்தார். காற்று அடைத்த சிறு இரப்பர் உறையைப் பிறப்புப் பாதையில் பொருத்தி, அதை ஒரு குழாயின் மூலம் காற்றழுத்தமானியோடு இணைத்தார். சரியான தசையைச் சுருக்கினால் முள் நகரும். வேறு எதைச் சுருக்கினாலும் ஒழுங்காக நகராது. முள்ளைப் பார்ப்பவர் மருத்துவர் மட்டுமல்லர். அந்தப் பெண்ணும் பார்த்தாள். முதல் நாள் முள் சிறிதே அசையும். தான் என்ன செய்தபோது அது அசைந்தது என்று அவள் கவனிப்பாள். அதையே மறுபடி செய்வாள். நாளடைவில் முள் மேலும் மேலும் ஏறும். நாளுக்கு மூன்று முறை, முறைக்கு இருபது நிமிடம் என்று அவர் பயிற்சி அளித்தார். 1948-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவருடைய பெயராலேயே இன்று உலகெங்கும் அந்தப் பயிற்சி வழங்கப்படுகிறது.

இந்த நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்ட குறையைத் திருத்த முடியும் என்பது. இரண்டாவது, வலிமைக்கு முன் அறிமுகம் வேண்டும் என்பது. எந்தத் தசை என்று தெரியாமல் ஆயிரம் முறை முக்கினாலும் பயனில்லை, கேடும் வரலாம். உடலின் செயலை அந்த உடலுக்கு உரியவருக்கே காட்டிக் கற்பிக்கும் இம்முறைக்கு 1960-களின் இறுதியில்தான் அறிவியல் உலகம் தனிப்பெயர் இட்டது. கெகலின் முள் இருபது ஆண்டுகள் முந்திவிட்டது!

ஓடிய தாயும் எழுதிய பெண்களும்

அதே 1948-இல் லண்டனில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. நெதர்லாந்தின் ஃபானி பிளாங்கர்ஸ்-கூன் என்னும் 30 வயதுப் பெண் ஓட்டப் போட்டிகளில் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார். அவர் இரண்டு குழந்தைகளின் தாய். 1946 பிப்ரவரியில் இரண்டாவது குழந்தை பிறந்தது; அதே ஆண்டு ஆகஸ்டில் ஆஸ்லோவில் ஐரோப்பியத் தடை ஓட்டப் பட்டத்தை வென்றுவிட்டார். பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடுகிறாளே என்று கண்டித்து அவருக்குக் கடிதங்கள் வந்தன. ஆயினும், பிள்ளை பெற்ற உடம்பு பழைய வலிமையை அடையாது என்னும் எண்ணத்தை அந்த நான்கு பதக்கங்கள் அசைத்துவிட்டன. பிற்காலத்தில் நம் நாட்டின் மேரி கோம் 2007-இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, 2008-இல் மீண்டும் உலகக் குத்துச்சண்டைப் பட்டம் வென்றதை நீங்கள் அறிவீர்கள்.

எல்லோரும் ஓட்டக்காரர் அல்லவே! சாதாரணப் பெண்ணுக்குத் தன் உடலைப் பற்றிய அறிவு எங்கே கிடைக்கும்? 1969-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சில பெண்கள் கூடி இதைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். ஆளுக்கொரு தலைப்பை எடுத்துக்கொண்டு மருத்துவ நூல்களைப் படித்து, தம் அனுபவத்தோடு ஒப்பிட்டு, எளிய மொழியில் எழுதினார்கள். 1970-இல் மலிவான தாளில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. பின்னர் 'நம் உடல்கள், நாமே' என்று பொருள்படும் பெயரோடு அது பல மொழிகளுக்குப் பரவியது. 1976-இல் எலிசபெத் நோபிள் என்னும் உடற்பயிற்சி மருத்துவர், கருவுற்ற நாள் முதல் பேற்றுக்குப் பிறகுவரை செய்யவேண்டிய பயிற்சிகளைத் தாய்மாருக்கே நேரடியாக விளக்கி ஒரு நூல் எழுதினார். மருத்துவமனைச் சுவருக்குள் இருந்த அறிவு வீட்டுக் கூடத்துக்கு வந்தது.

இன்று அறிவது

2003-இல் மிச்சிகன் ஆய்வாளர்கள் காந்த அதிர்வுப் படங்களின் உதவியால் இடுப்புத் தளத்தை நேரடியாகப் பார்த்தார்கள். அந்த ஆய்வில் கலந்துகொண்ட, முதல் குழந்தையை இயற்கை வழியில் பெற்ற தாய்மார்களில் ஐந்தில் ஒருவருக்குத் தசையில் சேதம் காணப்பட்டது. பிள்ளை பெறாத பெண்களில் ஒருவருக்கும் அது இல்லை. ஆகவே எல்லாத் தாய்மார்க்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. ஒருத்தி ஆறு வாரத்தில் தேறுவாள். இன்னொருத்திக்கு ஓராண்டு ஆகலாம். அது அவளுடைய சோம்பலன்று. அவளுடைய தசைக்கு நேர்ந்தது வேறு.

பயிற்சியைப் பற்றிய ஆய்வுகளும் பெருகியுள்ளன. கருவுற்றிருக்கும்போதே இடுப்புத் தளப் பயிற்சியைக் கற்றுக்கொண்டவர்களுக்குப் பின்னர்ச் சிறுநீர்க் கசிவு குறைகிறது என்று அவை காட்டுகின்றன. பேற்றுக்குப் பின் தொல்லை இல்லாத எல்லோருக்கும் பொதுவாக அதை விதிப்பதால் பெரும்பயன் உண்டு என்பதற்கு இதுவரை போதிய சான்று இல்லை. தொல்லை உள்ளவர்கள் தேர்ந்தவரிடம் முறையாகக் கற்றுச் செய்தால் பலன் பெறலாம். 2018-இல் அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரி, ஆறாவது வாரம் ஒரே ஒருமுறை தாயைப் பார்த்து அனுப்பிவிடும் பழைய வழக்கம் போதாது என்றது. மூன்று வாரத்திற்குள் ஒருமுறை விசாரித்து, பன்னிரண்டு வாரம் வரை தொடர்ந்து கவனிக்கும்படி சொன்னது. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல், தடை ஏதும் இல்லாத தாய்மார் மெல்ல மெல்லத் தொடங்கி வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பை எட்டலாம் என்று அறிவித்தது. விரைந்த நடையும் இதில் அடங்கும்.

அப்படியானால் நம் வீடுகளில் கடைப்பிடிக்கும் 40 நாள் வழக்கம் தவறா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அந்த வழக்கத்தில் இரு கூறுகள் உள்ளன. தாய்க்கு வேளாவேளைக்குச் சத்தான உணவு, உறக்கம், வீட்டு வேலையிலிருந்து விடுதலை, அருகில் மூத்த பெண்களின் துணை ஆகியவை ஒரு கூறு. இன்றைய மருத்துவமும் இதைத்தான் வேண்டுகிறது. அசையாதே, தண்ணீர் குடிக்காதே, காற்றுப்பட விடாதே என்பவை மற்றொரு கூறு. மான்செஸ்டர் மருத்துவர் எதிர்த்தது இதைத்தான். தாய்க்கு ஓய்வு வேண்டும். ஆனால் அந்த ஓய்வில் அவள் எழ வேண்டும், நடக்க வேண்டும், காலை அசைக்க வேண்டும். அறுவை முறையில் பிள்ளை பெற்றவர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

சில அறிகுறிகளைப் பொறுத்துக்கொண்டு இருக்கவே கூடாது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவை தோன்றினால் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீர் கசிவு, அடிவயிற்றில் ஏதோ இறங்குவது போன்ற கனம் ஆகியவை உயிருக்கு ஆபத்தானவை அல்ல. ஆனால் மறைக்க வேண்டியவையும் அல்ல. எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும் அவற்றுக்கு உதவி உண்டு.

இதைப் படிக்கும் மாணவ மாணவியரே! உங்கள் வீட்டில் இருமலை அடக்கும் அத்தை இருக்கலாம். சிரிப்பை அடக்கும் பாட்டி இருக்கலாம். நெடுந்தூரப் பேருந்துப் பயணத்துக்கு அஞ்சும் தாய் இருக்கலாம். அதற்குக் காரணம் என்ன என்று அவர்கள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளை பெற்றதன் விலை அது என்று பேசாமல் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். அது ஒரு தசையின் தளர்ச்சி; அந்தத் தசைக்குப் பெயர் உண்டு, பயிற்சி உண்டு, மருத்துவம் உண்டு. இந்தச் செய்தியை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கு ஒருநாள் அவர்களுடன் துணைக்குப் போய்வாருங்கள்.